விதைத்தவர் யார்? அறுப்பவர் யார்?

விண்வெளித் துறையைத் தனியாருக்குத் திறந்து விட்டார்கள் என்ற செய்தியை நீங்கள் படித்திருப்பீர்கள். படித்துவிட்டு, 'ராக்கெட்டுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? அது விஞ்ஞானிகள் சமாச்சாரம்' என்று பக்கத்தைப் புரட்டியும் இருப்பீர்கள்.

சகோதரர்களே, அங்கேதான் நாம் தவறு செய்கிறோம். நீங்கள் பார்க்கும் டி.வி.யும், வானொலியில் கேட்கும் புயல் எச்சரிக்கையும், எந்தத் திசையில் மீன் கிடைக்கும் என்று மீனவருக்குச் சொல்லப்படும் தகவலும் மேலே சுற்றும் செயற்கைக்கோள்களை நம்பியே இருக்கின்றன. அந்த வானம் யார் கையில் இருக்கிறது என்பது நம் வீட்டு விவகாரம்தான்.

ஊர் கொடுத்த நிலம்

1963 நவம்பர் 21ல் திருவனந்தபுரம் அருகே தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் புறப்பட்டது. தும்பா ஒரு மீனவக் கிராமம். விக்ரம் சாராபாய் இடம் கேட்டபோது அந்த மக்கள் தங்கள் தேவாலயத்தையும் விட்டுக் கொடுத்தார்கள். அந்தத் தேவாலயக் கட்டடமே விஞ்ஞானிகளின் அலுவலகமாயிற்று. ராக்கெட்டின் பாகங்களைச் சைக்கிளில் வைத்து எடுத்துச் சென்ற காலம் அது. ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் அந்தக் குழுவில் ஒருவர். அவர் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி.3 ராக்கெட் 1979ல் கடலில் விழுந்தது. 1980 ஜூலையில் வென்றது.

1979ல் விழுந்தது யார் பணம்? உங்கள் பணம், என் பணம். தீப்பெட்டிக்கும் வரி கட்டிய ஏழையின் பணம். 'நஷ்டம் வந்துவிட்டது, கடையை மூடுங்கள்' என்று யாராவது சொன்னார்களா? இல்லை. லாபம் பார்க்காமல் பொறுத்திருந்தது அரசு. அந்தப் பொறுமையின் பலன்தான் இன்றைய இஸ்ரோ.

திறந்த கதவு

2020 ஜூனில் தனியாருக்கு இடமளிக்கும் முடிவை மத்திய அரசு அறிவித்தது. அனுமதி வழங்க 'இன்ஸ்பேஸ்' என்ற அமைப்பு வந்தது. 2023ல் விண்வெளிக் கொள்கை வந்தது. 2024 பிப்ரவரியில் அந்நிய முதலீட்டு விதிகள் தளர்த்தப்பட்டன. அதன்படி செயற்கைக்கோள் தயாரிப்பில் 74 சதவீதம் வரையும், ராக்கெட் மற்றும் ஏவுதளத்தில் 49 சதவீதம் வரையும், அரசிடம் முன் அனுமதி கேட்காமலே வெளிநாட்டுப் பணம் வரலாம்.

இதை முழுவதுமாகக் குறை சொல்ல நாம் தயாரில்லை. 2022 நவம்பரில் ஹைதராபாத்தின் ஸ்கைரூட் நிறுவனமும், 2024 மே மாதம் சென்னையின் அக்னிகுல் நிறுவனமும் தங்கள் ராக்கெட்டுகளை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிக் காட்டின. நம் பிள்ளைகள் படித்து, சொந்த முயற்சியில் இதைச் சாதித்தால் மகிழ்ச்சி அடைய வேண்டியதுதானே! எல்லாவற்றையும் அரசே செய்ய வேண்டும் என்பதும் அறிவுடைமை ஆகாது. ஆனால் கதவைத் திறப்பது வேறு, வீட்டையே எழுதிக் கொடுப்பது வேறு.

அமெரிக்காவைப் பார்ப்போம்

'அமெரிக்காவைப் பாருங்கள், அங்கே தனியார்தான் சாதித்தார்கள்' என்று சிலர் வாதிடுகிறார்கள். சரி, பார்ப்போம்.

எலான் மஸ்க்கின் ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனியின் முதல் மூன்று ராக்கெட்டுகளும் தோற்றன. நான்காவது 2008 செப்டம்பரில் வென்றது. அந்த டிசம்பரிலேயே நாசா 160 கோடி டாலருக்குச் சரக்கு ஏற்றும் ஒப்பந்தம் கொடுத்தது. 2006லேயே நாசாவின் நிதி உதவி அந்தக் கம்பெனிக்குத் தொடங்கிவிட்டது. அதாவது, தனியாருக்குத் தோள் கொடுத்ததும் அரசு. முதல் பெரிய வாடிக்கையாளரும் அரசு! அதற்குப் பின் அந்தக் கம்பெனி ராக்கெட்டைத் திரும்பத் தரையிறக்கி, செலவையும் குறைத்தது உண்மை. 2020ல் விண்வெளி வீரர்களையும் ஏற்றிச் சென்றது. அந்தத் திறமையை மறுப்பதற்கில்லை.

ஆனால் அதன் மறுபக்கம் என்ன? அதே கம்பெனியின் ஸ்டார்லிங்க் இணைய சேவையை உக்ரைன் தன் போரில் நம்பியிருந்தது. 2022ல் கிரிமியா அருகே அந்த சேவையை இயக்கித் தரும்படி கேட்டபோது, தாம் இணங்கவில்லை என்று மஸ்க்கே 2023ல் ஒப்புக் கொண்டார். அவர் செய்தது சரியா, தவறா என்பதல்ல நம் வாதம். ஒரு நாட்டின் போர்க்களத் தொலைத்தொடர்பு, எவரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காத ஒரு தனி மனிதரின் விருப்பத்தில் இருக்கலாமா? இதுதான் கேள்வி.

நாம் பட்ட பாடு

நம் நாட்டிலும் பாடம் உண்டு. 2005ல் இஸ்ரோவின் வணிகப் பிரிவான ஆன்ட்ரிக்ஸ், தேவாஸ் என்ற தனியார் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது. இரண்டு செயற்கைக்கோள்களின் பெரும் பங்கும், விலைமதிப்பற்ற 'எஸ் பேண்ட்' அலைக்கற்றையும் ஏலம் ஏதுமின்றிக் கை மாறவிருந்தன. விஷயம் வெளியே வந்து சர்ச்சை எழுந்த பிறகு, 2011ல் அரசு ரத்து செய்தது. 2015ல் சர்வதேச நடுவர் மன்றம் 56 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு தரச் சொன்னது. 2022 ஜனவரியில் நம் உச்ச நீதிமன்றமோ, அந்தக் கம்பெனியின் நடவடிக்கைகள் மோசடியானவை என்று தீர்ப்பளித்தது. மூடிய அறையில் போட்ட ஒரு கையெழுத்துக்கு நாடு எத்தனை ஆண்டுகள் கோர்ட் படி ஏற வேண்டியிருந்தது, பாருங்கள்!

விழுந்தால் யார் பொறுப்பு?

1978ல் சோவியத் நாட்டின் 'காஸ்மாஸ் 954' செயற்கைக்கோள் கனடாவில் விழுந்து அணுக்கதிர் வீசும் துண்டுகளைச் சிதறடித்தது. 1981ல் சோவியத் அரசு 30 லட்சம் கனடிய டாலர் கொடுக்க ஒப்புக் கொண்டது. ஏன் அரசு கொடுத்தது? 1972ம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை அப்படி. ஏவியது தனியாராக இருந்தாலும், அந்நிய நாட்டுக்குச் சேதம் வந்தால் ஈடு கட்ட வேண்டியது அரசு. அந்த உடன்படிக்கையில் இந்தியாவும் கையெழுத்திட்டிருக்கிறது. லாபம் கம்பெனிக்கு, நஷ்டம் கஜானாவுக்கு!

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ஏவிய நாட்டின் சொந்தக் குடிமக்களுக்கு அந்த உடன்படிக்கை பொருந்தாது. நம் ராக்கெட் நம் மீனவர் படகின் மீது விழுந்தால், நம் நாட்டுச் சட்டம்தான் காப்பாற்ற வேண்டும். 2017ல் விண்வெளிச் சட்டத்துக்கு ஒரு வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டார்கள். 2023ல் வந்ததோ கொள்கைதான், சட்டமல்ல. கொள்கையைக் காட்டி நஷ்ட ஈடு கேட்க முடியுமா?

குலசேகரன்பட்டினம் கேட்கிறது

நம் தூத்துக்குடி மாவட்டத்துக்கு வருவோம். 2024 பிப்ரவரி 28ல் குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 2,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம். 900 கோடிக்கும் மேற்பட்ட செலவு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தென்திசை செல்லும் ராக்கெட் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டும், எரிபொருள் வீணாகும். இங்கிருந்து நேராகத் தெற்கே போகலாம். சிறிய ராக்கெட்டுகளுக்கு இது பெரும் லாபம். நாட்டுக்கு நல்ல திட்டம்தான், நாம் எதிர்க்கவில்லை.

ஆனால் பனையும் தேரி மண்ணும் நிறைந்த அந்த வட்டாரத்தில் நிலம் கொடுத்தவருக்கு என்ன கிடைக்கும்? ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகாதே என்பார்கள்; அன்றைய கூலியை யார் கொடுப்பார்கள்? நாளை அங்கே தனியார் ராக்கெட்டுகளும் வரிசையில் நின்றால், வாரத்தில் எத்தனை நாள் கடல் மூடப்படும்?

2017ல் ஒக்கிப் புயலின்போது ஆழ்கடலில் இருந்த மீனவர்களுக்குத் தகவல் சொல்ல வழியில்லாமல் போனதை மறக்க முடியுமா? அதன் பிறகு, 2024ல்தான், செயற்கைக்கோள் மூலம் தகவல் பெறும் கருவியை 1 லட்சம் படகுகளுக்கு இலவசமாகப் பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. லாபம் தேடும் கம்பெனி ஏதாவது இதைச் செய்யுமா? ஏழை மீனவனின் உயிரில் அதற்கு என்ன வருமானம்?

நாம் கேட்க வேண்டியவை

ஒன்று: நாடாளுமன்றத்தில் விண்வெளிச் சட்டம் நிறைவேற வேண்டும். தனியார் ஏவும் ஒவ்வொரு ராக்கெட்டுக்கும் காப்பீடு கட்டாயம். அதில் நம் மீனவருக்கும் ஈடு இருக்க வேண்டும்.

இரண்டு: அலைக்கற்றை எவருக்குக் கொடுத்தாலும், எந்த விலைக்கு என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

மூன்று: புயல் எச்சரிக்கை, மீனவர் தகவல், நாட்டின் பாதுகாப்பு ஆகிய மூன்றும் அரசின் கையை விட்டுப் போகக் கூடாது.

நான்கு: நிலம் கொடுத்த ஊர்களின் பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சியும் வேலையில் முன்னுரிமையும் வேண்டும். வாட்ச்மேன் வேலை மட்டும் போதாது!

தனியார் வரட்டும், தொழில் செய்யட்டும், லாபமும் பார்க்கட்டும். விதைத்தவனுக்கும் விளைச்சலில் பங்கு வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கை. அடுத்த கிராம சபையில் இதைப் பேசுங்கள். உங்கள் எம்.பி. ஓட்டுக் கேட்டு வரும்போது, 'விண்வெளிச் சட்டம் என்னாயிற்று?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். அவர் விழிக்கலாம். விழிக்கட்டும், அடுத்த முறை படித்துவிட்டு வருவார். அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்!