பிடித்தவர் யார், கொன்றவர் யார்?

அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் வாடகைப் படகேறி மீன்பிடிக்கச் செல்வோரிடையே நெடுங்காலமாக ஒரு வழக்கு நடந்துவருகிறது. ஸ்ட்ரைப்டு பாஸ் என்னும் மீனை, ஓடும் படகின் பின்னால் தூண்டில்களை இழுத்துச் சென்று பிடிப்பதா, அல்லது மெல்லிய கோலும் மெல்லிய நரம்பும் கொண்டு கையால் வீசிப் பிடிப்பதா என்பதே அவ்வழக்கு. முன்னதன் பெயர் ட்ரோலிங். பின்னதன் பெயர் லைட் டேக்கிள். வெளியிலிருந்து நோக்குவோருக்கு இது பொழுதுபோக்காளர்களின் சில்லறைச் சச்சரவாகத் தோன்றலாம். ஆனால் அதில் புழங்கும் சொற்களைக் கூர்ந்து கவனித்தால், ஒரு மீனினத்தின் நலிவுக்கான பொறுப்பு எவ்வாறு பங்கிடப்படுகிறது, எவ்விடத்தில் காணாமற்போகிறது என்பது புலப்படும்.

முதலில் ஒரு தெளிவு. இங்குக் குறிப்பிடப்படும் ட்ரோலிங், பாக் நீரிணைச் சிக்கலில் நாள்தோறும் அடிபடும் இழுவைமடி அன்று. அது கடலடியை வாரிச் செல்லும் வலை. இது நரம்பும் முள்ளும் மட்டுமே. இன்று தமிழ் இளைஞர்கள் சமூக ஊடகங்களில் பயன்படுத்தும் 'ட்ரோல்' என்னும் சொல்லின் இணையப் பொருளுக்கு இத்தூண்டில் தொழிலே மூலம் என்பது பலரும் கூறும் விளக்கம். இரையை இழுத்துக்கொண்டே செல்ல வேண்டும். கவ்வுவது கவ்வட்டும் என்று காத்திருக்க வேண்டும். இரண்டிடத்தும் செயல் ஒன்றே.

இனி மீனைப் பற்றி. உடலின் நீளவாட்டில் ஓடும் கரிய கோடுகளால் பெயர்பெற்ற ஸ்ட்ரைப்டு பாஸ், கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்கு ஆறுகளுக்கு ஏறிவருவது. அட்லாண்டிக் கரையில் வாழும் கூட்டத்தின் பெரும்பகுதி செசபீக் விரிகுடாவில் கலக்கும் ஆறுகளில் பிறக்கிறது. வசந்தத்தில் முட்டையிட்ட பின் பெரிய மீன்கள் நியூ ஜெர்சி, லாங் ஐலண்ட், கேப் காட் எனக் கரையோரமாக வடக்கே செல்கின்றன. 1980களின் தொடக்கத்தில் இவ்வினம் மிகவும் அருகிப்போனது. 1984 இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. 1985 இல் மேரிலாந்து மாநிலம் இம்மீனைப் பிடிப்பதை முற்றிலும் தடைசெய்தது. 1990 இல் தடை தளர்ந்தது. 1995 இல் இனம் மீண்டுவிட்டதாக அறிவிக்கப்பட்டது. மீன்வள மேலாண்மையின் பெருவெற்றி என்று பாராட்டப்பட்ட அந்நிலை நீடிக்கவில்லை. 2019 இல் வெளிவந்த மதிப்பீடு, கூட்டம் மீண்டும் வரம்புக்குக் கீழே சரிந்துவிட்டதென உறுதிசெய்தது. மேரிலாந்து 1954 முதல் எடுத்துவரும் குஞ்சுக் கணக்கெடுப்பின் நீண்டகாலச் சராசரி ஏறத்தாழ 11. 2023 இல் கிடைத்த எண் 1 மட்டுமே. வழக்கு இப்போது நடப்பது, இவ்வாறு மெலிந்துவரும் ஒரு கூட்டத்தின் மீதுதான்.

ட்ரோலிங் படகில் நிகழ்வது இது. உரிமம் பெற்ற தலைவர் பெரும்பாலும் ஆறு பேர் வரை ஏற்றிச் செல்கிறார். கோல்கள் படகின் விளிம்பில் பொருத்தப்பட்டிருக்கும். எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகம், எந்தப் போலி இரை என்பவற்றைத் தலைவரே தீர்மானிக்கிறார். உதவியாளர் நரம்பை விடுகிறார். குடைக் கம்பிகள் போல் விரிந்த சட்டத்தில் பல போலி மீன்கள் தொங்க, சிறுமீன் கூட்டமொன்று நீந்திப்போவது போன்ற தோற்றம் நீருக்கடியில் உண்டாகிறது. கோல் வளைந்தவுடன், முறை வந்த பயணி அதனை எடுத்துச் சுற்றுகிறார். ஏழு வயதுச் சிறுமியும் எழுபது வயது முதியவரும் தூண்டிலை முன்பின் தொட்டறியாதவரும் மீனோடு வீடு திரும்பலாம்.

லைட் டேக்கிள் படகில் ஆட்கள் குறைவு. வீசுவதற்கு இடம் வேண்டும் என்பதால் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு பேர். பறவைகள் நீரில் பாயுமிடத்தை நோக்கிப் படகு செல்கிறது, இயந்திரம் தணிகிறது, ஒவ்வொருவரும் தம் கையால் வீசுகிறார். மீன் இரையை முட்டுவது விரல் நுனியில் தெரிகிறது. முள்ளை எப்போது இறுக்குவது, நரம்பை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதெல்லாம் வீசியவரின் பொறுப்பு. பிடிபட்ட மீன்களுள் பெரும்பாலானவை திரும்ப நீரில் விடப்படுகின்றன.

இவ்விரண்டின் வேறுபாட்டைத் தமிழ் இலக்கணம் அழகாக எடுத்துக்காட்டும். 'மீன் பிடித்தேன்', 'மீன் கிடைத்தது' என்னும் இரு தொடர்களும் ஒரே நிகழ்வைச் சுட்டக்கூடும். ஆனால் முதலாவதில் எழுவாய் மனிதர், இரண்டாவதில் எழுவாய் மீன். லைட் டேக்கிள் ஆதரவாளரின் வாதத்தை ஒரு வரியில் சுருக்கினால், 'ட்ரோலிங்கில் மீன் கிடைக்கிறது. எங்கள் முறையில்தான் மீன் பிடிக்கப்படுகிறது' என்பதே. அவ்வாதத்தில் உண்மை இருக்கிறது. மீன் இருக்குமிடத்தைக் கண்டு, அதற்கேற்ற வேகத்தில் இரையை அதன் வாய்க்கு முன் கொண்டுசென்றவர் தலைவர். பயணி சுற்றியது கைப்பிடியை மட்டுமே. திறனே மதிப்பின் அளவுகோல் என்றால், தீர்ப்பு லைட் டேக்கிள் பக்கமே சாயும்.

ஆனால் திறனுக்கான இம்மதிப்பு சத்தமின்றி அறத்துக்கான மதிப்பாக உருமாறுகிறது. சிக்கல் தொடங்குவது அங்கேதான். 'லைட்' என்னும் அடைமொழி கருவியின் எடையைக் குறிப்பது. கேட்பவர் செவியில் அது செயலின் மென்மையாக விழுகிறது. எதிர்த்தரப்புக்கு 'இறைச்சிக்காக மீன்பிடிப்போர்' என்ற பெயர் சூட்டப்படுகிறது. உண்பதற்காக ஓர் உயிரைப் பிடிப்பது இழிவு, மகிழ்வதற்காகப் பிடித்து விடுவது உயர்வு என்னும் இவ்வரிசை யாருடையது? வீட்டுக்கு மீன் கொண்டுசெல்ல வேண்டிய தேவையில்லாதவர்களுடையது. குடும்பத்தோடு வந்து, பங்கிட்டுப் படகு வாடகை செலுத்தி, இரவுணவுக்கு ஆளுக்கொரு மீன் கொண்டுசெல்பவர், இச்சொல்லாட்சியில் வாய் திறக்கும் முன்பே குற்றவாளியாகிவிடுகிறார்.

மீன் தரப்பிலிருந்து கணக்கிட்டால் படம் மாறுகிறது. முள்ளிலிருந்து விடுவிக்கப்பட்ட மீன் நீந்திச் செல்வதைக் காண்கிறோம்; அது பிழைத்ததா என்பதைக் காண்பதில்லை. மசாசூசெட்ஸில் உப்புநீர்க் குட்டையொன்றில் நடத்தப்பட்டு 1996 இல் வெளியான ஆய்வின் அடிப்படையில், விடுவிக்கப்படும் ஸ்ட்ரைப்டு பாஸ்களில் 9 விழுக்காடு பின்னர் இறப்பதாக மேலாண்மை ஆணையம் கணக்கில் கொள்கிறது. சிறிய விகிதம்தான். ஆனால் விடுவிக்கப்படும் மீன்களின் தொகை மிகப் பெரிது. 2017 இல் மனிதரால் இவ்வினத்துக்கு நேர்ந்த மொத்த இழப்பில் 48 விழுக்காடு, பொழுதுபோக்காளர் விடுவித்தபின் இறந்த மீன்களே என்று மதிப்பிடப்பட்டது. அவர்கள் வீட்டுக்கு எடுத்துச்சென்றவை 42 விழுக்காடு. வணிக மீனவர் பங்கு ஏறத்தாழ பத்தில் ஒன்று. 'விட்டேன்' என்ற வினைமுற்றோடு முடிந்துவிட்டதாகக் கருதப்பட்ட கதைகளின் தொடர்ச்சிதான் அந்த 48.

ஓர் எடுத்துக்காட்டுக்காக இரண்டு படகுகளைக் கற்பனை செய்யலாம். ட்ரோலிங் படகில் ஆறு பேர். விதிப்படி ஆளுக்கொன்றாக ஆறு மீன்களை வைத்துக்கொள்கிறார்கள், அளவுக்குப் பொருந்தாத பத்து மீன்களை விடுகிறார்கள். இறப்பு ஏறத்தாழ ஏழு. லைட் டேக்கிள் படகில் மூவர். நாள் முழுதும் எண்பது மீன்களைப் பிடித்து எண்பதையும் விடுகிறார்கள். 9 விழுக்காட்டின்படி இறப்பு, அதுவும் ஏறத்தாழ ஏழு. முதற்படகின் மீன்களில் ஆறு, அடுப்புக்குச் சென்றன. இரண்டாம் படகின் ஏழும் நண்டுகளுக்குச் சென்றன. இருந்தும் அன்று மாலை, 'ஒன்றைக்கூடக் கொல்லவில்லை' என்று மன அமைதியோடு கரையிறங்குபவர்கள் இரண்டாம் படகினரே.

இதனால் ட்ரோலிங் குற்றமற்றதாகிவிடாது. எந்த மீன் கவ்வ வேண்டும் என்று இழுக்கப்படும் இரை தேர்ந்தெடுப்பதில்லை. 2024 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, கடற்பகுதியில் 28 முதல் 31 அங்குலத்துக்குட்பட்ட ஒரு மீனையும், செசபீக்கில் 19 முதல் 24 அங்குலத்துக்குட்பட்ட ஒரு மீனையும் மட்டுமே ஒருவர் வைத்துக்கொள்ளலாம். சாளரம் இவ்வளவு குறுகியபின், ஆறு பொருத்தமான மீன்களுக்காக எத்தனை பொருந்தாத மீன்கள் ஓடும் படகின் பின்னால் இழுபட வேண்டும் என்ற கேள்வி கூர்மையடைகிறது. மறுபுறம், ஒற்றை முள்ளை மட்டும் கட்டி, அதன் எதிர்முள்ளை நசுக்கி, மீனை நீரைவிட்டுத் தூக்காமலே விடுவிக்கும் லைட் டேக்கிள் தலைவர், அந்த 9 விழுக்காட்டை நிச்சயம் குறைக்க முடியும். அதே தலைவர் கோடை நண்பகலில், மிக மெல்லிய நரம்பில் மீனை நீண்டநேரம் போராடவிட்டால் அவ்விழுக்காடு உயரும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு. களைத்த மீனுக்கு மீள்வதற்கு வழியில்லை. மேரிலாந்து அரசு வெப்ப முன்னறிவிப்பைக் கொண்டு பச்சை, மஞ்சள், சிவப்பு எனக் கொடி வழங்குவதும், 95 பாரன்ஹீட்டை எட்டும் சிவப்பு நாள்களில் காலை 10 மணிக்குப் பின் இம்மீனை நாட வேண்டாம் என அறிவுறுத்துவதும் இதனால்தான். கொடியின் நிறம் எந்தக் கோல் கையில் இருக்கிறது என்று கேட்பதில்லை.

ஆகவே, எந்த முறை உயர்ந்தது என்பது தவறாக எழுப்பப்பட்ட வினா. ஒரு படகு ஒரு நாளில் எத்தனை மீன்களை முள்ளில் ஏற்றியது, எப்பொழுது நிறுத்தியது என்பனவே கேட்கத்தக்கவை. வைத்துக்கொண்ட மீனுக்கு வரம்பு உண்டு; தொட்ட மீனுக்கு வரம்பில்லை. விதியின் இந்த இடைவெளியில்தான் இனத்தின் பாதி இழப்பு நிகழ்கிறது. ஒவ்வொரு விடுவிப்பையும் அதிகாரி படகேறி எண்ணுவது இயலாத செயல். படகுத் தலைவரால் இயலும். 'இன்று இருபது மீன் வரை; அதன்பின் கோலை மடக்கிவிடுவோம்' என்று புறப்படும் முன்பே பயணிகளிடம் சொல்லிவிடலாம். ட்ரோலிங் தலைவர், ஆறாவது மீன் ஏறியதும் நரம்புகளைச் சுற்றிக்கொண்டு கரை திரும்பலாம். வாடகை மணிக்கணக்கு மிச்சமிருக்கிறதே என்பதற்காக மேலும் இழுக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தை நண்டுக்கோ வேறு மீனுக்கோ பயன்படுத்தலாம். நூறு மீன் பிடித்த நாளைப் படம்போட்டு விளம்பரப்படுத்துவதை இரு தரப்பினருமே நிறுத்தலாம். இதனால் சில வாடிக்கையாளர்களை இழக்க நேரிடும் என்பது மெய். ஐந்தாண்டுத் தடை வந்தால் இழக்க நேர்வது அனைவரையும் என்பதை 1985 காட்டியிருக்கிறது.

தமிழில் 'கொன்றேன்' என்பதற்கும் 'செத்துப்போனது' என்பதற்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. பின்னதில் செய்தவர் இல்லை. லைட் டேக்கிள் படகின் ஏழு மீன்களும் ட்ரோலிங் படகு விடுவித்தவற்றுள் மாண்டதும் இந்த இரண்டாம் தொடருக்குள் அடக்கப்பட்டுவிடுகின்றன; எழுவாய் இல்லாததால் எவரும் பொறுப்பேற்பதில்லை. பிடித்தது தாமே என்று உரிமை கொண்டாடுபவர், அந்த மீனுக்குப் பின்னர் நேர்ந்ததற்கும் தம்மையே எழுவாயாக வைத்து ஒரு தொடர் எழுதிப்பார்க்கட்டும். அத்தொடரை எழுதும் துணிவு எந்தப் படகில் இருக்கிறதோ அந்தப் படகில் ஏறுவதே தகும்; அதில் இருப்பது கனத்த கோலா மெல்லிய கோலா என்பது இரண்டாம் செய்தி.