வில்லியனூர் பானையும் அல் அயின் வெள்ளரியும்!

இந்த வாரம் நம்ம பக்கத்துல ஒரு கொலைக் கேஸ். செத்தது நாலு வெள்ளரிச் செடி, ஆறு பீன்ஸ் செடி. சம்பவ இடம் ஐக்கிய அரபு அமீரகத்துல இருக்கிற அல் அயின். ஆயுதம் வாட்ஸ்அப். குற்றவாளி... ஹி... ஹி... அடியேன்தான்!

எங்க ஊர் செல்லிப்பட்டு. வில்லியனூரைத் தாண்டி, சங்கராபரணி ஆத்தோரம். பிரெஞ்சுக்காரன் காலத்துப் படுகை அணை ஒண்ணு இருந்துச்சே, அதைச் சொன்னாத்தான் டவுன் பசங்களுக்கு ஊரே புரியும். எங்க மாமாவுக்கு அங்க ஐம்பது குழி நிலம் இருக்கு. 'இருக்கு'ன்னு சொல்றது ஒரு மரியாதைக்கு. அதை அடமானம் வெச்சுத்தான் விசாவுக்குப் பணம் கட்டினார். இப்ப அல் அயின்ல எலெக்ட்ரீஷியன். எட்டுப் பேர் சேர்ந்து தங்கியிருக்கிற பழைய வீட்டுக்குப் பின்னாடி, கட்டில் போடுற அளவுக்கு ஒரு மணல் திட்டு. போன வருஷம் பங்குனியில அதைக் கொத்திவிட்டு விதை போட்டுட்டார்.

"எதுக்கு மாமா இந்த வேலை? சூப்பர் மார்க்கெட்ல கிடைக்காதா?"ன்னு கேட்டேன்.

"கிடைக்கும் மாப்ள. கை மறந்துடுச்சான்னு பாக்குறேன்"னார்.

நான் மெக்கானிக்கல் மூணாம் வருஷம். ஹீட் டிரான்ஸ்ஃபர்ல 71 மார்க். வீட்ல ஒருத்தன் இன்ஜினீயரிங் படிச்சா அவனுக்கு ஃபேன் ரிப்பேர்லேர்ந்து பயிர் வைத்தியம் வரைக்கும் எல்லாம் தெரியும்னு ஒரு நம்பிக்கை இருக்கே, அதுல நானும் கொஞ்சம் மயங்கிட்டேன். மே மாசம் மாமா ஒரு போட்டோ அனுப்பினார். உச்சி வெயில்ல வெள்ளரி இலையெல்லாம் ஈரத்துணி மாதிரி தொங்குது. யோசிக்கவே இல்லை. "வாடுறப்பல்லாம் நல்லா தண்ணி ஊத்துங்க மாமா"ன்னு அடிச்சு விட்டேன்.

அவரும் ரூம்ல இருந்த ஒரு பையன்கிட்ட பொறுப்பை விட்டு, மதியம் ரெண்டு வேளை, சாயங்காலம் ஒரு வேளைன்னு ஹோஸ் பைப்ல ஊத்த வெச்சார். பத்தே நாள். எல்லாம் க்ளோஸ்! அப்புறம் ஒரு வாரம் மாமாகிட்டேர்ந்து குட்மார்னிங் படம்கூட வரலை.

என்ன நடந்துச்சுன்னு கண்டுபிடிச்சது நான் இல்லை. ஆயா. "தண்ணி எங்கேர்ந்துடா புடிக்கிறான்?"னு கேட்டுச்சு. "மாடியில டேங்க் இருக்கு ஆயா." "அந்த ஊரு வெயில்ல டேங்க் தண்ணி இன்னா சூடு சுடும்? சுடுதண்ணிய ஊத்துனா செடி சாவாம இன்னாடா செய்யும்?"

அவ்ளோதான். 71 மார்க் காலி.

வளைகுடாவுல வெயில் காலத்துல குழாயைத் திறந்தா கை வைக்க முடியாதுன்னு அங்க இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. குளிக்கிறதுக்கே ராத்திரியில பக்கெட்ல புடிச்சு ஆறவெச்சுக் காலையில குளிப்பாங்களாம். அந்தத் தண்ணியை நேரா வேர்ல ஊத்தினா வேர் வெந்துடும். இன்னொண்ணு, பூசணி, வெள்ளரி மாதிரி அகல இலைக்காரங்க நல்ல ஈரம் இருக்கும்போதே மதியம் தொங்கிடுவாங்க. இலை விடுற ஆவிக்கு வேரால ஈடு கொடுக்க முடியாது. சாயங்காலம் தானா நிமிர்ந்துடும். நிமிரலைன்னாத்தான் தாகம்னு அர்த்தம். அமீரகத்துல ஜூன் 15-லேர்ந்து செப்டம்பர் 15 வரைக்கும் மதியம் 12.30-லேர்ந்து 3 மணி வரை வெட்டவெளியில வேலை வாங்கக்கூடாதுன்னு மனுஷனுக்கே சட்டம் இருக்கு. செடி அதுபாட்டுக்கு ரெஸ்ட் எடுத்துக்கிட்டு இருந்திருக்கு. நான்தான் எழுப்பி வெந்நீர் ஊத்தச் சொல்லியிருக்கேன்!

அடுத்த தப்பு மாமாவோடது (பழியைக் கொஞ்சம் பகிர்ந்துக்குவோமே). பீன்ஸ் போட்டது. நாம கடையில வாங்குற பீன்ஸ் கொடைக்கானல், ஊட்டிக் குளிர்ல வர்ற காய். செல்லிப்பட்டுலயே எவனும் அதைப் போடறதில்லை. சுமார் 32 டிகிரியைத் தாண்டினாலே மகரந்தம் கெட்டு பூ உதிர ஆரம்பிச்சுடும். கோடையில அல் அயின்ல 45-ஐத் தாண்டும். செடி பச்சையா நிக்கும், பூக்கும், காய் மட்டும் வராது. வெள்ளரியிலயும் வெயில் ஏற ஏற ஆண் பூதான் ஜாஸ்தியா வரும். பூவுக்குப் பின்னாடி குட்டியா ஒரு பிஞ்சு இருந்தாத்தான் பெண் பூ. தப்பித் தவறி காய்ச்சாலும் வெயில்லயும் தண்ணிப் பஞ்சத்துலயும் கசக்கும். நம்ம வீட்ல காம்புப் பக்கம் வெட்டித் தேய்ச்சு நுரை எடுப்பாங்களே, அந்தக் கசப்புதான்.

'அப்ப பாலைவனத்துல பயறும் காயும் கிடையவே கிடையாதா'ன்னா, அதான் இல்லை. ராஜஸ்தானைப் பாருங்க. நாம மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டுத் தட்டுல ஒதுக்குற கொத்தவரங்காய்க்கு அதுதான் கோட்டை. உலகக் கொத்தவரையில பெரும்பங்கு இந்தியாவுலதான், அதுலயும் ராஜஸ்தான்லதான் விளையுது. அதன் விதையிலேர்ந்து எடுக்கிற பசையைப் பாறை எண்ணெய், எரிவாயுக் கிணறுகள்ல பயன்படுத்துறாங்க. 2012-ல அமெரிக்காக்காரன் போட்டி போட்டு வாங்கினதுல விலை எகிறி, பாலைவன விவசாயிங்க ஒரே வருஷத்துல டிராக்டர் வாங்கின கதையெல்லாம் பேப்பர்ல வந்துச்சு. (கேம்பஸ்ல ஆயில் கம்பெனிக்குக் காத்திருக்கிற மெக்கானிக்கல் நண்பர்கள் இனிமே கொத்தவரைப் பொரியலை மரியாதையா சாப்பிடவும்!) அதே ஊர்ல ஒரு மரத்தோட காயை 'சாங்க்ரி'ன்னு காயவெச்சு, பீன்ஸ் மாதிரி பொரியல் பண்றாங்க. அந்த மரம் எதுன்னு தேடினா, நம்ம வன்னி மரம்! விருத்தாசலம் கோயில்ல தல விருட்சமா நிக்கிறதும் அதுதான், 'காஃப்'ங்கிற பேர்ல அமீரகத்தோட தேசிய மரமா இருக்கிறதும் அதுதான். மாமா தினம் வேலைக்குப் போற ரோட்ல அதைத்தான் பாத்துக்கிட்டு போறார். பேர்தான் தெரியலை.

வெள்ளரிக்கும் அந்த ஊர்ல பழைய கதை உண்டு. 1970-களோட தொடக்கத்துல அபுதாபி பக்கத்துல சாதியாத் தீவுல, ஷேக் ஜாயித் ஆதரவோட அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகக்காரங்க கடல் தண்ணியைக் குடிநீராக்கி, பிளாஸ்டிக் கூடாரத்துக்குள்ள காய்கறி போட்டுக் காட்டினாங்க. ஒரு பக்கம் ஈரமான அட்டை, எதிர்ப்பக்கம் பெரிய ஃபேன். ஈரத்துல நுழையிற காத்து குளிர்ந்து உள்ள வரும். நம்ம வீட்டு ஏர் கூலரேதான், சைஸ் மட்டும் பெருசு. இன்னைக்கும் வளைகுடா முழுக்க வெள்ளரி இப்படித்தான் விளையுது. அதுவும் மகரந்தமே இல்லாம காய்க்கிற ரகம், தேனீகூட வேண்டாம். (சாதியாத்ல இப்ப 2017-லேர்ந்து லூவ்ர் மியூசியம். பாண்டிச்சேரிக்காரனுக்கு எங்க போனாலும் பிரெஞ்சு சகவாசம்!) ஆனா ஒரு சங்கடம். செடி குடிக்கிற தண்ணியைவிட கூலர் குடிக்கிற தண்ணி ஜாஸ்தியாகிடும். போதாக்குறைக்குக் காத்துல ஏற்கெனவே புழுக்கம் இருந்தா கூலர் வேலையே செய்யாது. மே மாசம் பாண்டி பஸ் ஸ்டாண்டுல நின்னவங்களுக்கு இது புரியும்.

மாமாகிட்ட கூலரும் இல்லை, கூடாரமும் இல்லை. ஆவணியில லீவுக்கு வந்தவர்கிட்ட ஆயா சொன்னது ஒரே வார்த்தை: "பானையைப் பொதைடா."

சுட்ட மண் பானையைக் கழுத்து வரைக்கும் மண்ணுல புதைச்சு, தண்ணி நிரப்பி மூடிடணும். சுத்தி விதை. மண்ணு காஞ்சா பானைச் சுவர் வழியா தண்ணியை இழுத்துக்கும், ஈரமா இருந்தா இழுக்காது. சென்சார் இல்லை, டைமர் இல்லை, கரன்ட் பில் இல்லை! மேல வெயில்ல ஆவியாப் போறதும் கம்மி. முக்கியமா, பானையில ஊத்துறது எவ்ளோ சூடா இருந்தாலும் மண்ணுக்குள்ள மெதுவா ஆறித்தான் வேருக்குப் போகும். ஆயா கண்டுபிடிச்சதோன்னு பெருமையா தேடினா, சீனாவுல ஃபான் ஷெங்சிங்கிறவர் 2,000 வருஷத்துக்கு முன்னாடியே இதை எழுதி வெச்சுட்டார். நம்ம நாட்டுல 1970-கள்ல ஹரியானா கர்னால்ல இருக்கிற மத்திய உவர்நில ஆராய்ச்சி நிலையத்துல சோதனையே பண்ணியிருக்காங்க. உப்பு மண்ணுக்கும் தாங்குதாம். ஒரே ஒரு குறை, நாளாக நாளாகப் பானையோட துவாரமெல்லாம் உப்பு அடைச்சுக்கும். தேய்ச்சுக் கழுவணும், இல்லைன்னா மாத்தணும்.

பானைக்கு எங்க போறது? சரியாப் போச்சு... வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடே இருக்கே! ரெண்டு பானை வாங்கினோம். பெயின்ட் அடிக்காதது. அடிச்சா கசியாது. லுங்கியில சுத்தி சூட்கேஸ்ல வெச்சார் மாமா. ஏர்போர்ட்ல ஒரு அதிகாரி "உள்ள என்ன?"ன்னு கேட்டதுக்கு "பானை"ன்னாராம். "உள்ள?" "ஒண்ணும் இல்லை சார்." அவர் நம்பவே இல்லையாம்! அல் அயின்ல திறந்தா ஒரு பானை ரெண்டு துண்டு.

மிஞ்சின ஒண்ணைப் புதைச்சார். 'ஆடிப் பட்டம் தேடி விதை'ங்கிறது நமக்கு. அந்த ஊர் ஆடியில விதைச்சா வறுத்த விதைதான். ஐப்பசியில போட்டார். பானையைச் சுத்தி மூணு வெள்ளரி, தள்ளி கொத்தவரையும் காராமணியும். இந்தத் தடவை தண்ணியை முதல் நாளே பக்கெட்ல புடிச்சு ஆற வெச்சார். தேனீ எதுவும் அந்தப் பக்கம் வரலைன்னு காது குடையிற பட்ஸால காலையில ஆண் பூ மகரந்தத்தைத் தொட்டு பெண் பூவுல தடவிட்டு வேலைக்குப் போனார். ரூம் பசங்க பண்ணின கிண்டலை இங்க எழுதினா எடிட்டர் என்னை அனுப்பிடுவார்.

மார்கழியில வீடியோ கால் வந்துச்சு. தட்டுல ஏழு வெள்ளரிப் பிஞ்சு, உப்பு, மிளகாய்த்தூள், சுத்தி எட்டு மூஞ்சி. ஹோஸ்ல தண்ணி விட்டு வளர்த்த ஒரு செடி இன்னும் முழம் உயரத்தைத் தாண்டலைன்னு அதையும் காட்டினார். கொத்தவரைதான் சுமார், குளிருக்கு ஏறலை. காராமணி ரெண்டு குழம்புக்குத் தேறுச்சாம்.

ஆயா போனைப் பிடுங்கி, "கடிச்சுப் பாரு. கசக்குதா?"ன்னுச்சு.

மாமா கடிச்சார். மென்னார். ரொம்ப நேரம் மென்னார். "இல்லம்மா."

வைக்கிறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிட்டார். "மாப்ள, அந்த ஐம்பது குழிக்கு வட்டியோட எவ்ளோ நிக்குதுன்னு கேட்டு வை."

நாளைக்குக் காலேஜ் விட்டு வந்து கேக்கணும். வர்ற வழியில வில்லியனூர்ல இறங்கி ரெண்டு பானையும் வாங்கணும். எதிர்வீட்டு அண்ணன் அடுத்த மாசம் துபாய் போறார். இந்தத் தடவை உள்ள துணி அடைச்சுத்தான் அனுப்பறது.