நூலிலே ஒரு முட்டை அப்பம்

மண்ணைக் குழைத்துச் சிரட்டையில் வார்த்து, பூவரசம் இலையிலே பரிமாறி விளையாடாத குழந்தை ஒரு காலத்தில் நம்மவர் வீடுகளில் இருந்திராது. சங்கச் செய்யுள்களிலும் மணலிலே சிற்றில் இழைத்து விளையாடும் சிறுமியரைக் காண்கின்றோம். இன்று முற்றமில்லாத மாடி வீட்டில் வளரும் குழந்தைக்குக் கடையிலே பிளாஸ்டிக் அடுக்களை கிடைக்கின்றது. ஆயின் அதனோடு வரும் பண்டங்கள் பெரும்பாலும் பீட்சாவும் பர்கருமே. அப்பமும் பிட்டும் உண்டு வளரும் பிள்ளை, தன் தாய் சமைப்பதையே தானும் சமைக்க விரும்பாதா? மிஞ்சிய பருத்தி நூலும் ஒரு குரோஷே ஊசியும் இருந்தால் இக்குறையை நாமே தீர்த்துவிடலாம், சகோதரிகளே.

முட்டை அப்பத்தில் தொடங்குவோம். இதற்கு வேண்டியது குட்டைப் பின்னல் ஒன்றே. பிரித்தானியப் பின்னற் புத்தகங்கள் இதனை 'டபிள் குரோஷே' என்றும், அமெரிக்கப் புத்தகங்கள் 'சிங்கிள் குரோஷே' என்றும் கூறும். பெயரைக் கண்டு மயங்க வேண்டாம்.

மஞ்சள் நூலில் வளையமிட்டு அதனுள் 6 கண்கள் பின்னுக. இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு பின்னினால் 12 ஆகும். மூன்றாம் சுற்றில் ஒன்றுவிட்டு ஒரு கண்ணில் இரண்டு பின்னினால் 18. மஞ்சட்கரு ஆயிற்று. இனி வெள்ளை நூலுக்கு மாறி, சுற்றுக்கு ஆறாகவே கூட்டி 24, 30, 36, 42 எனப் பின்னுக. ஆறாறாகக் கூட்டும் வரை பின்னல் தட்டையாக இருக்கும். கூட்டுவதை நிறுத்தியதும் விளிம்பு தானே நிமிரும். ஆதலால் 42 கண்களிலேயே மேலும் நான்கு சுற்றுப் பின்னினால், தாச்சியிலிருந்து எடுத்த அப்பம்போல் குழிந்து நிற்கும். இறுதிச் சுற்றை மண்ணிற நூலிற் பின்னினால் முறுகிய ஓரமும் வந்துவிடும்.

தக்காளிக்கும் இதே கணக்குத்தான். சிவப்பு நூலில் 36 வரை கூட்டி, ஆறு சுற்று அப்படியே பின்னி, பின்னர் ஆறாறாகக் குறைத்துக்கொண்டு வருக. வாய் மூடுமுன் பஞ்சை நன்றாக அடைத்துவிடுக.

இனி நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகின்றேன். என் பேர்த்தியர் இருவருக்கும் உழுந்து வடை பின்னியபோது, மிளகுக்குப் பதிலாகக் கறுப்பு மணிகளைத் தைத்தேன். பார்த்தவர் எல்லோரும் மெச்சினர். மறுநாள் ஐந்து வயது அக்காள் வடையைத் தட்டிலிட்டு, "சாப்பிடு, தங்கச்சி" என்று உபசரித்தாள். இரண்டு வயதுத் தங்கை சொற்படியே கடித்தாள். ஒரு மணி கழன்று அவள் கன்னத்துள் ஒதுங்கியிருந்தது. தாய் கண்டு விரலால் எடுத்ததனாற் பிழைத்தோம். குழந்தை குற்றம் செய்யவில்லை. விளையாட்டை ஒழுங்காக விளையாடினாள். உண்மை உணவைப்போல் இருப்பதே இப்பண்டங்களின் அழகு; அதுவே அவற்றின் ஆபத்தும் ஆகும்.

ஆகையால் மணி, பொத்தான் முதலியன வேண்டாம்; மிளகையும் காம்பையும் நூலாலேயே தைத்துவிடுங்கள். அமெரிக்கப் பாதுகாப்பு விதிகள், மூன்று வயதுக்குட்பட்டோரின் விளையாட்டுப் பந்து 1¾ அங்குல விட்டத்திற்குக் குறையலாகாது என்கின்றன. அதனை நினைவிற்கொண்டு, பட்டாணி, நெல்லிக்காய் போன்றவற்றைப் பின்னாது விடுங்கள். பஞ்சு வெளிவராதபடி, நூலுக்குரிய ஊசியினும் சற்றுச் சிறிய ஊசியால் நெருக்கமாகப் பின்னுங்கள். உள்ளே அரிசியோ பயறோ இடவேண்டாம். ஈரம் பட்டாற் கெடும், பூச்சியும் பிடிக்கும். முடிவில் நான்கு அங்குல நூல் விட்டு, அதனை முன்னும் பின்னுமாக உள்ளே கோத்து மறையுங்கள். கொடுக்குமுன் பலமாக இழுத்துப் பாருங்கள். சிவப்பு நூலை முதலில் நனைத்துச் சாயம் போகின்றதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் செய்தபின் இன்னும் ஒரு கடமை உண்டு. குழந்தை தட்டை ஏந்தி வந்து அழைக்கும்பொழுது, "வேலை இருக்கிறது, பிறகு வா" என்று சொல்லிவிடாதீர்கள். சற்று அமர்ந்து, ஒரு வாய் உண்பதுபோற் பாவனை செய்து, "இன்னும் ஓர் அப்பம் போடு, பிள்ளை" என்று கேளுங்கள். பிறர்க்கு ஊட்டி மகிழும் குணம் அந்தச் சிறு தட்டிலேதான் தொடங்குகின்றது.