புது தாருக்கு லிஃப்ட் கிட் போடப் போறீங்களா? முதலில் டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்க!

தார், ஜிம்னி போன்ற வண்டியை டெலிவரி எடுத்த வாரமே பலரும் நேராகப் போவது ஆக்சஸரீஸ் கடைக்கு. பெரிய டயர், லிஃப்ட் கிட், இரும்பு பம்பர், வின்ச் என்று பில் லட்சத்தைத் தாண்டுகிறது. வண்டியோ இன்னும் மண்ணில் இறங்கியிருக்காது. அந்தப் பணம் ஒரு ஆறு மாதம் வங்கியிலேயே இருக்கட்டும் என்பேன்.

கம்பெனி கொடுப்பதே சாதாரணம் இல்லை. 2020-ல் வந்த தாரின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 226 மி.மீ. 2023-ல் வந்த ஐந்து கதவு ஜிம்னிக்கு 210 மி.மீ. இரண்டிலும் ‘லோ ரேஞ்ச்’ உண்டு. (தாரில் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் மாடலும் இருக்கிறது. அதை எவ்வளவு உயர்த்தினாலும் ஃபோர் வீல் டிரைவ் ஆகாது!)

லோ ரேஞ்சில் சக்கரம் மெதுவாகச் சுற்றும், இழுவிசை கூடும். செங்குத்தான இறக்கத்தில் முதல் கியரில் விட்டால், வேகத்தைப் பெரும்பாலும் இன்ஜினே பிடித்துவைக்கும். புதியவர்கள் சிக்கினால் ஆக்சிலரேட்டரை அழுத்துகிறார்கள். சக்கரம் சுழன்று இன்னும் குழி தோண்டுகிறது. இதை எந்த வின்ச்சும் சொல்லித் தராது. இன்னொன்று, இந்த இரு வண்டிகளிலும் காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீல் டிரைவை ஆன் செய்து ஓட்டக் கூடாது. திருப்பங்களில் முன், பின் சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கும்.

அடுத்தது காற்று. சாலையில் 30 பிஎஸ்ஐ அளவில் இருக்கும் டயரை, மணலில் 18-20 வரை இறக்குங்கள். டயர் தரையோடு படியும் நீளம் கூடும், எடை பரவும், புதைவது குறையும். செலவு சைபர். ஆனால், அந்தக் காற்றோடு வேகமாகப் போனால் டயர் சூடாகும், சட்டென்று ஒடித்தால் ரிம்மிலிருந்து கழன்றுகொள்ளவும் வாய்ப்பு உண்டு. அதனால் பிரஷர் கேஜும் சின்ன கம்ப்ரஸரும் வாங்குங்கள். கூடவே நல்ல ரெக்கவரி ஸ்ட்ராப்பும், துணைக்கு இன்னொரு வண்டியும் அவசியம்.

பெரிய டயர்? விட்டம் 2 இன்ச் கூடினால் கிளியரன்ஸ் 1 இன்ச்தான் கூடும். கனம் ஏறும், லோ ரேஞ்சின் பலம் குறையும், ஸ்பீடோமீட்டர் நிஜத்தைவிடக் குறைவாகக் காட்டும். லிஃப்ட் கிட் வண்டியின் ஈர்ப்பு மையத்தையே மேலே தூக்குகிறது. சரிவில் கவிழும் அபாயம் கூடுகிறது.

சட்டமும் இருக்கிறது. ஆர்சி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டப்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் கிடைக்கலாம். புல் பாருக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசு 2017-லேயே மாநிலங்களுக்குச் சொல்லியது.

சரி, எங்கே ஓட்டிப் பழகுவது? ஈசிஆர் கடற்கரை வேண்டாம். ஜனவரி தொடங்கி ஆமைகள் முட்டையிடும் மணல் அது. காப்புக்காடும் வேண்டாம். பயிற்சியாளர் இருக்கும் தனியார் டிராக் போதும். ஐந்தாறு முறை போய் வந்த பிறகு வண்டியின் அடியைப் பாருங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கீறல் விழுந்திருந்தால் அங்கே ஸ்கிட் பிளேட் போடலாம். சேற்றில் டயர்தான் வழுக்குகிறது என்றால், அதே சைஸில் ஆல் டெரெய்ன் டயர் பாருங்கள்.