யாருக்கான அமைதி?

நவம்பர் மாதம் எங்கள் வங்கிக் கிளையில் கூட்டம் நெரியும். உயிரோடுதான் இருக்கிறோம் என்று சான்று கொடுக்க பென்சன்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். அதில் ஒருவர் எங்கள் கூமாப்பட்டிச் சேரிக்காரர். பட்டாளத்துப் பென்சன். யாழ்ப்பாணம் போய் வந்தவர்.

"எதுக்குப் பெரியப்பா போனீங்க?" என்றேன்.

"அமைதி காக்கன்னு சொன்னாக. மூணு மாசங்கூட ஆகல. அந்தச் சனம் எங்களப் பாத்துக் கதவடைச்சிருச்சு."

1987 ஜூலை 29. ராஜீவும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் கையெழுத்துப் போட்டார்கள். யாருக்காக ஒப்பந்தமோ அந்த ஈழத்தமிழர் தரப்பு அதில் கையெழுத்திடவில்லை. அக்டோபரில் இந்திய அமைதி காக்கும் படைக்கும் புலிகளுக்கும் போர் மூண்டது. அதே மாதம் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் இந்தியப் படையால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1990 மார்ச்சில் படை திரும்பியது. 1,100-க்கும் மேற்பட்ட ஜவான்கள் திரும்பவேயில்லை.

போனது யார்? அண்ணல் அம்பேத்கரின் வலியுறுத்தலோடு 1941-இல் உருவான மகார் படைப்பிரிவும் போனது. பட்டாளத்தில் சேர்ந்தால் மனுசனாக மதிப்பார்கள் என்று நம்பிய பரம்பரை அது. அவர்கள் கையிலும் துப்பாக்கியைக் கொடுத்து இன்னொரு ஒடுக்கப்பட்ட சனத்தின் முன்னால் நிறுத்தியது அரசு. 1968-இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நுழைவுக்காகப் போராடிய யாழ்ப்பாணத்துப் பஞ்சமரைப் பற்றி அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரிகூடக் கிடையாது.

தோழர்களே, இந்த 'அமைதி' நமக்குப் புதுசா? தென்மாவட்டங்களில் கலவரம் என்றதும் அதிகாரிகள் அமைதிக் கூட்டம் போடுவார்கள். வெட்டியவனும் வெட்டுப்பட்டவனும் ஒரே தாளில் கையெழுத்துப் போடணும். தண்ணி, நிலம், பாதை பற்றிப் பேச்சிருக்காது. போலீஸ் வேன் மட்டும் சேரி முகப்பில் நிற்கும். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் சட்டம் ஒழுங்கைக் காக்க வேண்டிய அதே போலீஸ்தான் வீடு வீடாகப் புகுந்து அடித்து நொறுக்கியது.

யாழ்ப்பாணத்துக்கும் கொடியங்குளத்துக்கும் நடுவில் கடல் இருக்கிறது. காரணங்களும் வேறுவேறு. ஆனால் பாதிக்கப்பட்டவனைக் கேட்காமல் எழுதும் அமைதியைக் காக்கத் துப்பாக்கி வேண்டியிருக்கிறது. அந்தத் துப்பாக்கி கடைசியில் அவன் பக்கமே திரும்புகிறது.

அடுத்த முறை யாராவது அமைதி என்று தாளை நீட்டினால் முதலில் கேளுங்கள்: இதை எழுதும்போது எங்களில் யார் உட்கார்ந்திருந்தார்? அதற்குப் பதில் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

பெரியப்பா அடுத்த நவம்பரிலும் வருவார், உயிரோடிருக்கிறேன் என்று சொல்ல. நாமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.