கடையின் ஞாபகம் யாரிடம்?

எமது கடைகள் பலவற்றில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்பது பழைய ஊழியர் ஒருவருக்கு மட்டுமே தெரியும். அவர் லீவு எடுத்தால் வியாபாரம் தடுமாறும். வெளிநாடு போய்விட்டால் முதலாளியே தன் கடையில் விருந்தாளி! கடையின் ஞாபகம் ஒருவரது தலைக்குள் இருப்பது ஆபத்து. அது ராக்கையிலும் பெட்டியிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இதற்குக் கணினி தேவையில்லை. ஒட்டும் லேபலும் அழியாத மார்க்கர் பேனாவும் போதும். ராக்கைகளுக்கு இலக்கமிடுங்கள். ஸ்டோருக்கு வரும் ஒவ்வொரு பெட்டியிலும் பொருளின் பெயர், வந்த திகதி, காலாவதித் திகதி ஆகியவற்றைப் பக்கவாட்டில் பெரிதாக எழுதுங்கள். மேல்மூடியில் எழுதினால் அடுக்கியதும் மறைந்துவிடும். சிங்கள ஊழியர்கள் இருந்தால் இரு மொழிகளிலும் எழுதுவது அவசியம்.

திகதி எழுதிய பெட்டிகளில் முதலில் காலாவதியாவதை முன்னால் வைத்து விற்கலாம். எழுதாத பெட்டி மூலையில் கிடந்து காலாவதியாகும். அதனை அறியாமல் விற்றால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் குறுக்கே நிற்கிறது. அபராதத்தைக் கட்டிவிடலாம், போன வாடிக்கையாளரை எப்படி அழைப்பது?

அலுவலக பைல்களின் முதுகிலும் வருடத்தையும் விடயத்தையும் எழுதுங்கள். வெப்பத் தாளில் அச்சான பில்கள் காலப்போக்கில் மங்கிவிடும். அவற்றைப் போட்டோ பிரதி எடுத்து வையுங்கள்.

இந்த வாரம் ஒரேயொரு ராக்கையில் ஆரம்பியுங்கள். நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன் எவரிடமும் கேட்காமல் பொருளை எடுத்துத் தந்தால், உங்கள் லேபல் சரி.