பழஞ்சுங்கானும் பற்குறியும்

நம் இல்லங்களின் பரண்மேல் உறங்கும் பொருள்கள் பல. பாக்குவெட்டி, வெற்றிலைச் செல்லம், மை காய்ந்த பேனா எனப் பட்டியல் நீளும். சில வீடுகளில் அவற்றோடு பழைய சுங்கான் ஒன்றும் கிடக்கும். பைப்பு என்றால் இளையோர்க்கு எளிதில் விளங்கும். அதனை என் செய்வது என்பதே இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

பாகாலாவில் வாழும் நம்மவர்க்கு இக்கேள்வி புதிதன்று. காட்பாடியிலிருந்து சித்தூர் வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் இருப்புப்பாதையில், தருமாவரத்துக்குக் கிளை பிரியும் சந்திப்பு நம் ஊர். தென்னிந்திய ரயில்வே வேறிரண்டு ரயில்வேக்களுடன் சேர்ந்து 1951-இல் தென்னக ரயில்வே ஆயிற்று. அதற்கு முன்னும் பின்னும் ரயில்வே ஊழியத்தை நம்பி இங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் உண்டு. வெள்ளை அதிகாரிகளோடு பழகிய பெரியவர் சிலர் அவர்தம் பைப்பையும் கைக்கொண்டனர். பெரியவர் மறைந்தனர், பைப்பு எஞ்சியது.

புகையிலையே நம் நாட்டுக்கு வந்தேறியதுதான். போர்த்துக்கீசியர் வாயிலாக வந்த அதனை, 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிஜப்பூரிலிருந்து ஆசாத் பேக் என்பார் அக்பரின் அவைக்குக் கொண்டுசென்றார். அக்பரின் மைந்தர் ஜஹாங்கீரோ 1617-இல் அதற்குத் தடை விதித்தார். தடை நிலைக்கவில்லை, பழக்கம் நிலைத்தது.

பைப்பின் கிண்ணம் பெரும்பாலும் பிரையர் என்னும் கட்டையால் ஆனது. மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் ஒரு புதரின் வேருக்கும் தண்டுக்கும் இடையே திரளும் முண்டு அது. வெப்பத்தைத் தாங்க வல்லது. வாயில் வைக்கும் தண்டோ எபோனைட்டு. ரப்பரோடு கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூடேற்றிக் கெட்டிப்படுத்திய பொருள் இது. ஆந்திர நாட்டு ராஜமுந்திரியில் 1932-இல் தோன்றிய ரத்னம் பேனாத் தொழிலும் இதே எபோனைட்டைக் கடைசல் பிடித்தே புகழ் பெற்றது. ஆகவே தண்டு முறிந்திருப்பின் எபோனைட்டுப் பேனா கடையும் தொழிலாளியிடம் காட்டலாம்.

செப்பனிடும் முறை கடினமன்று, பொறுமை வேண்டும். முதலில் தண்டை மெல்லத் திருகிக் கழற்றுக. வராவிடின் வலிந்து இழுக்கற்க, கட்டை பிளந்துவிடும். கிண்ணத்தினுள் படிந்த கரியை மழுங்கிய கத்தியால் சிறிது சிறிதாகச் சுரண்டுக. பின்னர்ப் பஞ்சைத் திணித்து, மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டைச் சொட்டுச்சொட்டாக விட்டு ஓர் இரவு வைத்திருந்தால், பழுப்புச் சாறு பஞ்சில் ஏறிவிடும். இவ்வேலை நடக்கும் அறையில் விளக்கோ அடுப்போ எரிதல் கூடாது.

கறுப்புத் தண்டு பசுமஞ்சளாக மாறியிருக்கும். ஒளியும் ஈரமும் பட்டு அதன் மேற்பரப்பு கெட்டதன் விளைவு இது. 400, 600, 1000, 2000 என்னும் வரிசையில் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்தால் கருமை மீளும். தேய்க்கையில் கந்தக நாற்றம் எழும், அஞ்ச வேண்டா. இறுதியில் கட்டைக்குத் தேன்மெழுகு சிறிதளவு பூசித் துணியால் துடைத்தால் போதும்.

இனி நாம் சொல்ல வந்த செய்திக்கு வருவோம். தண்டின் நுனியில் பற்குறிகள் பதிந்திருக்கும். எபோனைட்டைச் சூடாக்கினால் அது தன் பழைய வடிவத்தை நாடும். பற்குறிகள் பெரும்பாலும் மேலெழுந்து மறையும். கைதேர்ந்தோர் இதனை விரும்பிச் செய்வர். விற்பனைக்கு அது சரி. ஆனால் பாட்டனார் முப்பதாண்டுக் காலம் கடித்த இடம் அது. அவர் கையொப்பம் கூட ரயில்வேக் காகிதங்களோடு போயிருக்கலாம். இக்குறி நம்மிடம் இருக்கிறது. கரி போகட்டும், நஞ்சு போகட்டும், பற்குறி இருக்கட்டும் என்பது நம் கருத்து.

"இருமியிருமி அவர் மாய்ந்ததற்கு இதுதானே காரணம், இதை மினுக்கி வைக்கவும் வேண்டுமா?" என்று தாய்மார் வினவுவதுண்டு. அவ்வினாவில் நியாயம் உண்டு. பைப்பின் புகையும் வாய், தொண்டை, நுரையீரல் ஆகியவற்றில் புற்றுநோய் விளைவிக்கும். புகையிலையால் உலகில் ஆண்டுதோறும் 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிகின்றனர். எனவே செப்பனிட்ட பைப்பு வாய்க்குச் செல்லலாகாது. கண்ணாடிப் பேழைக்கே செல்ல வேண்டும். பேரப்பிள்ளைகளிடம் இரண்டையும் மறையாது சொல்லுக: அவர் எத்தகைய உழைப்பாளி என்பதையும், இப்பழக்கம் அவரை என் செய்தது என்பதையும். தூக்கி எறிந்துவிட்டால் இரண்டையும் சொல்ல வாய்ப்பில்லாது போகும்.

இன்னும் ஒரு வேண்டுகோள். பேழையுள் ஒரு சீட்டு வைத்து, பெரியவரின் பெயர், பிறந்த ஊர், பார்த்த வேலை, பாகாலாவுக்கு வந்த ஆண்டு ஆகியவற்றை எழுதுக. தமிழில் எழுதுக, அதன்கீழ்த் தெலுங்கிலும் எழுதுக. பள்ளியில் தெலுங்கு பயிலும் நம் குழந்தைகள் இன்று தெலுங்கு வரியைப் படித்துவிட்டு, மேலுள்ள வரி என்ன என்று கேட்பார்கள். அப்போது அருகமர்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்பியுங்கள். பாட்டனார் பெயரே அவர்கள் படிக்கும் முதல் தமிழ்ச் சொல்லாக அமையட்டும்.